வலிக்கு இரண்டு மார்க்

வசந்தாமணியின் வலிக்கு நவநீதன் போட்ட மார்க் இரண்டு.

பத்துக்கு இரண்டு. புதுச் செருப்புக் கடித்தால் இரண்டு. சூடான காப்பி நாக்கைச் சுட்டால் ஒன்றரை. கோயம்புத்தூரில் பதினெட்டு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிற நாற்பத்தெட்டு வயது அம்மாள், ஐந்து மாதமாக இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், அதற்கும் இரண்டு.

"எத்தனைங்க சார்?" என்றாள் வசந்தாமணி.

"ரெண்டுக்கா."

"பத்துக்குங்களா?"

"பத்துக்குத்தான்."

"போன மாசம் அந்தப் புள்ள ஷாகிரா ஒண்ணரை போட்டுச்சு. இப்ப அரை மார்க் ஏறியிருக்குது. இப்படியே போனா ரிட்டையர் ஆகறதுக்குள்ள பாஸாயிருவனுங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நவநீதனுக்குச் சிரிப்பு வரவில்லை. பாஸ் மார்க் நாலு. நாலு வந்தால்தான் தோளுக்கு ஸ்கேன், வைத்தியம், கை தேறும்வரை டிப்போவில் உட்கார்ந்த வேலை. இரண்டு தடவை நாலுக்குக் கீழே வந்துவிட்டால் 'வலி இல்லை' என்று ஒரு சான்று. அது இன்று சாயங்காலமே டிப்போவுக்குப் போய்விடும். திங்கட்கிழமை காலை அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாக வேண்டும். பிடிக்க முடியாவிட்டால், வலி என்று பொய் சொல்லி வேலைக்கு மட்டம் போட்டவள் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நடுவில் ஒரு வருடம் டிரைவர் இல்லாமல் தானே ஓடுகிற பஸ் விட்டுப் பார்த்தார்கள். தெருவில் தேர் ஒன்று நிற்பதைப் பார்த்து அதுவும் மரியாதையாகப் பின்னால் நின்றது. தேர் இரண்டு நாள் நின்றது. அதற்குப் பிறகு டிரைவர்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனாலும், வேலை போன டிரைவருக்கு இன்னொரு வேலை கிடைக்கிற காலம் இல்லை அது.

அந்த அறைக்குப் பெயர் சாட்சி அறை. கட்டடத்துக்குப் பெயர் வலிச் சான்று நிலையம். டாக்டர் சர்டிபிகேட்டை யார் வேண்டுமானாலும் வாங்கிவிடுகிறார்கள், வலியை அப்படி வாங்க முடியாதல்லவா என்று அரசாங்கத்தில் யாருக்கோ தோன்றியதன் விளைவு. வலி உள்ளவர் கையில் ஒரு பட்டை. சாட்சியின் கையில் ஒரு பட்டை. பொத்தானை அழுத்தினால் அவருடைய வலி மூன்று நிமிடம் இவருக்கு வரும். இவர் உடம்பு எவ்வளவு துடிக்கிறதோ அதுதான் பட்டையின் திரையில் விழும் மார்க். நவநீதன் ஆறு வருடமாகச் சாட்சி. சிறுநீரகக் கல், காது குத்தல், மூல வியாதி எல்லாம் பார்த்தாயிற்று. பிரசவ வலியை ஒரே ஒரு தடவை வாங்கினான். அன்றைக்கு மத்தியானமே அம்மாவுக்குப் போன் போட்டு, காரணம் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டான்.

"அடுத்த ஆளு வெளியில இருக்காங்கக்கா," என்றான்.

வசந்தாமணி எழுந்திருக்கவில்லை. "கோவிச்சுக்காதீங்க சார். நான் கையத் தூக்கினப்ப உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

விதிப்படி அதைச் சொல்லக் கூடாது. "லேசா ஒரு இழுப்பு. அவ்வளவுதான்."

"எனக்கு இங்கிருந்து முழங்கை வரைக்கும் மின்னல் வெட்டுதுங்க. தலை சீவ முடியல. அந்தப் பக்கம் ஒருச்சாச்சுப் படுக்க முடியல. ஜாக்கெட்டுக்குள்ள கைய நுழைக்கறதுக்குக் காலங்காத்தால ஒரு சண்டையே நடக்குது. நான் என்ன நடிக்கிறனுங்களா?"

"நடிச்சா பட்டைக்குத் தெரிஞ்சிரும்க்கா."

"அப்ப நடிக்கலைன்னா தெரியாதுங்களா?"

நவநீதன் பேனாவை மூடினான். இந்த ஐந்து மாதத்தில் இதே மாதிரி எத்தனை பேர்! எல்லாம் இடது தோள். எல்லாம் பெண்கள். எல்லாம் ஒன்று, ஒன்றரை, இரண்டு. போன மழைக்காலத்தில் ஊரெல்லாம் பரவிய குளத்துக் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்ட நாளிலிருந்து வலி என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர்களுக்கு 'ஊசிக்கார அம்மாக்கள்' என்று பெயர் வைத்துச் சிரித்ததில் அவனுக்கும் பங்கு உண்டு. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கூடிப் பேசிவைத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொல்வார்களா? ஆறு வருடத்தில் ஒரு கல்யாண வீட்டில்கூட அத்தனை பெண்கள் ஒரே பேச்சுப் பேசி அவன் பார்த்ததில்லை.

"ஊசி எங்க போட்டாங்க?"

"டிப்போ வாசல்ல பந்தலுங்க. ஒரு நாளைக்கு ஆயிரம் பேரு. என்ற ஜாக்கெட் கை முழங்கை வரைக்கும் இறுக்கிப் புடிச்சுத் தெச்சது. மேல ஏத்தினா ஏறல. நர்சம்மா நல்ல புள்ளதான், பாவம், சோறு தின்னக்கூட நேரமில்லாம நின்னுட்டிருந்துச்சு. 'அக்கா, கழுத்துப் பக்கமா எறக்குங்க, லைன் நிக்குது'ன்னுச்சு. ரெண்டு ஊக்கக் கழட்டிச் சித்த எறக்கினேன். தெரிஞ்ச இடத்துல குத்திருச்சு. இதா, இங்க."

அவள் விரல் வைத்த இடம் தோள் எலும்பின் விளிம்பு. நவநீதனுக்குப் பயிற்சி வகுப்பு ஞாபகம் வந்தது. ஊசி போட வேண்டிய இடம் அந்த எலும்புக்கு மூன்று விரல் கீழே, கொழுத்த சதையில்.

"ரொம்ப மேலக்கா. அங்க மூட்டுக்கு மெத்தை மாதிரி ஒரு பை இருக்கு. மருந்து சதையில போனா ரெண்டு நாள் வலிச்சிட்டுப் போயிரும். அந்தப் பைக்குள்ள போச்சுன்னா உள்ளேயே வீங்கிக்கிட்டு மாசக்கணக்கா உக்காந்துக்கும்."

"அதானே பாத்தேன்! ஆம்பளைங்க யாருக்கும் இது வல்லீங்களே. அவங்க சட்டைக் கையச் சுருட்டி விட்டுக்கிட்டாங்க. சரியான இடத்துல விழுந்துருச்சு." அவள் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. "அப்ப வலி நெசம்தானுங்களே? உங்களுக்கு மட்டும் ஏனுங்க ரெண்டு?"

அவள் அவனுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரைக்கைச் சட்டைக்குக் கீழே, மேல்கை முழுவதையும் அடைத்துக்கொண்டு நாலு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறப் பட்டை.

"இது எப்பவும் கையிலயேதான் இருக்குமுங்களா?"

"எப்பவும். கழட்டினா மேலிடத்துக்கு மூணு பிரதியில விளக்கம் எழுதணும். அந்தத் தொல்லைக்குப் பயந்து குளிக்கறப்பகூட யாரும் கழட்டறதில்லை."

"உங்களுக்குச் சொந்தமா மேலு வலி, கால் வலி வந்தா? அதுவும் எங்க கணக்குல ஏறிக்காதுங்களா?"

"ஏறாதுக்கா. தினம் காலையில ஒம்பது மணிக்குப் பூஜ்யம் போடுவோம். கழுத்து, தோள், இடுப்பு, முட்டின்னு ஒம்பது அசைவு. அப்ப என் உடம்புல எங்க நோவு இருக்குன்னு பட்டை படிச்சு வெச்சுக்கும். அப்புறம் அதே இடத்துல அதே வலி வந்தா, இது இவனோடதுன்னு கழிச்சிட்டு மிச்சத்தைத்தான் விடும்."

"கடையில காலிப் பாத்திரத்தத் தராசுல வெச்சு மொதல்ல கழிச்சுக்கற மாதிரி."

"அதே மாதிரிதான்."

வசந்தாமணி அந்தப் பட்டையை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கு ஊசி போட்டப்ப இதக் கழட்டினீங்களா, தம்பி?"

சார் எப்போது தம்பி ஆனான் என்று நவநீதன் கவனிக்கவில்லை. அவன் ஐந்து மாதத்துக்கு முந்தைய ஒரு காலை வேளையில் நின்றுகொண்டிருந்தான். நிலையத்து வராந்தா. பதினாலு சாட்சிகளும் வரிசையில். வலது கையில் போட்டால் மறுநாள் மார்க் எழுத முடியாது என்று எல்லோரும் இடது கையை நீட்டினார்கள். யாரும் பட்டையைக் கழட்டவில்லை. நர்ஸ் பட்டையைப் பார்த்தாள். அதற்கு மேலே தெரிந்த இடத்தைப் பார்த்தாள்.

"எங்க போட்டாங்க?" என்றாள் வசந்தாமணி.

"மேலே."

அவன் இடது கையைப் பக்கவாட்டில் தூக்கினான். தோள் உயரம் வரை வந்தது. அங்கே யாரோ கதவைச் சாத்தியது போல் நின்றது. அதற்கு மேல் தள்ளினான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

அந்த வலி அவனுக்குப் புதிதில்லை. ஐந்து மாதமாக அங்கேயேதான் இருந்தது. நிலையத்தில் அதற்கு 'எச்சம்' என்று பெயர். நாள் முழுக்க மற்றவர் வலியை வாங்குகிறவர்களுக்கு எங்கேயாவது ஒரு நோவு ஒட்டிக்கொண்டு இருக்கும். யாரோ விட்டுவிட்டுப் போனது என்று சொல்லிக்கொள்வார்கள். சாட்சிக்குத் தன் வலி எது என்று கேட்டுப் பழக்கம் விட்டுப் போய் வருடக்கணக்காகிறது.

அவன் கதவைத் திறந்து வராந்தாவில் எட்டிப் பார்த்தான். ஷாகிரா அடுத்த அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தாள்.

"ஷாகிரா, இடது கையைத் தூக்கு."

"எதுக்குண்ணா? எலெக்‌ஷனா?" சிரித்துக்கொண்டே தூக்கியவள் பாதியில் 'ஸ்ஸ்' என்றாள். "எச்சம்ணா. யாரோ ஒரு அம்மா விட்டுட்டுப் போயிட்டாங்க. அஞ்சு மாசமா இருக்கு."

"யாரும் விட்டுட்டுப் போகலை. அது உன்னோடது," என்றான் நவநீதன்.

நிலையத்தின் மேலாளர் தாமோதரசாமி போண்டாவைச் சட்னியில் நனைத்துக்கொண்டிருந்தார். அவரும் பழைய சாட்சிதான். மூன்று வருடத்துக்கு முன் நாற்காலி கிடைத்ததும் பட்டையைக் கழட்டி மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டியவர். அந்த அம்மாக்களின் வலியைச் சாட்சிகளின் சொந்தத் தோள் வலி என்று பட்டை கழித்துவந்ததை நவநீதன் சொல்லி முடிக்கும்வரை போண்டா அந்தரத்தில் நின்றது.

"பதினாலு பேருக்கும் இருக்குதா?"

"பதினோரு பேரைக் கேட்டாச்சு சார். பதினோரு பேருக்கும் இருக்கு. மத்த மூணு பேரு லீவு. தோள் வலின்னு லீவு."

"அடக் கெரகமே!" போண்டா தட்டுக்குத் திரும்பியது. "நவநீதா, நீ என்ன சொல்றேன்னு உனக்குப் புரியுதா? முந்நூத்திப் பன்னெண்டு பைலத் தொறக்கோணும். நாம குடுத்த சான்ற வெச்சு எத்தனை பேருக்கு வேலை போச்சோ! அதை விடு. ஊசின்னாலே வேண்டாம்னு ஜனங்க ஓட ஆரம்பிச்சா? போன மழையில இந்த ஊர்ல எத்தனை பாடை போச்சு, மறந்துட்டியா? அந்த ஊசி வந்துதானேப்பா நின்னுச்சு!"

"மறக்கலை சார். ஊசி நல்ல ஊசி. எங்க தெருவுல பாதிப் பேரு அதனாலதான் இருக்காங்க. குத்தின இடம்தான் தப்பு. மூணு விரல் கீழே போடுங்க, கைச் சட்டை இறுக்கமில்லாம வாங்கன்னு ரெண்டு வரி சொன்னா முடிஞ்சுது. மறைச்சுட்டோம்னு நாளைக்குத் தெரிஞ்சாத்தான் சார் ஓடுவாங்க."

"உன்ற லைசென்ஸு?" தாமோதரசாமி குரலைத் தாழ்த்தினார். "நாள்பட்ட சொந்த வலி இருக்கறவன் சாட்சி சொல்லப்படாது. எழுதிக் குடுத்த நிமிசமே உன்ற பட்டையக் கழட்டோணும். ஒரு தடவை கழண்டா மறுபடி கட்ட விடுவாங்கன்னு நான் வாக்குத் தர முடியாது. யோசிச்சுக்க. இந்தம்மாவுக்கு மட்டும் வேணும்னா நான் டிப்போவுல ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கறேன்."

நவநீதன் யோசித்தான். ஆறு வருடம். இதைத் தவிர வேறு தொழில் தெரியாது. மற்றவன் வலியைத் தாங்குகிறேன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு கர்வம்கூட இருந்தது. அந்தக் கர்வத்தோடுதான் அந்த அம்மாக்களுக்கு ஒன்றரையும் இரண்டுமாகப் போட்டு அனுப்பியிருக்கிறான்.

"ஏனுங்க பெரியவரே," என்று கதவருகிலிருந்து குரல் வந்தது. வசந்தாமணி. கையில் கட்டிய பட்டையோடு, யாரும் கூப்பிடாமல் பின்னாலேயே வந்திருந்தாள். "இத்தனை பேச்சு எதுக்குங்க? நீங்களே ஒருக்கா வாங்கிப் பாத்துருங்க."

"நானா? மூணு வருசமாச்சும்மா பட்டை கட்டி."

"பயமாருந்தா வேண்டாமுங்க."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. "யாருக்கு? குடல்வால் வலிய நின்னுட்டே வாங்கினவன் நான்!" தாமோதரசாமி மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஊசி போட்டுக்கொண்ட அன்றைக்கு அவருக்குப் பட்டையும் இல்லை, சட்டைக் கையும் தொளதொள. அவர் தோள் பழுதில்லாத தோள். பட்டையைக் கட்டிக்கொண்டு, தொப்பை குலுங்க ஒன்பது அசைவையும் செய்து பூஜ்யம் போட்டு, பொத்தானை அழுத்தினார். "ம். தூக்கும்மா."

வசந்தாமணி தூக்கினாள்.

சட்னிக் கிண்ணம் தரையில் உருண்டது. தாமோதரசாமி "ஆத்தா!" என்று அலறிக்கொண்டு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எறக்கு! எறக்கும்மா!"

திரையில் ஏழரை.

தாமோதரசாமி துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இதோடயா பஸ் ஓட்டினே?"

"மொத மூணு மாசம் ஓட்டினனுங்க. உக்கடம் ரவுண்டானா வந்தா மட்டும் பல்லக் கடிச்சுக்குவேன்."

தாமோதரசாமி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நவநீதன் பக்கம் நகர்த்தினார். நவநீதன் எழுதினான். எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பட்டையின் கொக்கியை அவனே விடுவித்தான். மூணு பிரதி விளக்கத்தை யாரும் கேட்கவில்லை. பட்டை இருந்த இடம் வெயில் படாமல் குழந்தைத் தோல் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

அதற்கப்புறம் எல்லாம் சரசரவென்று நடந்தது. மற்ற ஊர்களில் விசாரித்தார்கள். அங்கேயும் சாட்சிகள் பட்டையோடுதான் இடது கையை நீட்டியிருந்தார்கள். மாநிலத்தில் பழுதில்லாத தோளோடு ஒரு சாட்சிகூடத் தேறவில்லை. நாற்காலிக்குப் போன பழையவர்கள் மறுபடி பட்டை கட்ட மாட்டோம் என்று கும்பிட்டுவிட்டார்கள். தாமோதரசாமிகூட ஒரு வாரம் இடது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். கடைசியில் மேலிடம் வேறு வழி தெரியாமல் ஒரு சுற்றறிக்கை விட்டது: மறு உத்தரவு வரும்வரை, வலிக்கிறது என்று சொல்பவரின் வாய்ச்சொல்லே சான்றாகக் கொள்ளப்படும்.

"போச்சு, நாளைக்கு ஊரே இங்கதான்," என்றார் தாமோதரசாமி. வாசலில் கம்பித் தடுப்புப் போடச் சொன்னார். ஆயிரம் டோக்கன் அடித்து வைத்தார். இரண்டு போலீஸ்காரர்களைக் கேட்டு வாங்கினார்.

மறுநாள் ஒன்பது பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் பதினொன்று. முன்பு பட்டை இருந்த காலத்தில் எத்தனை பேர் வந்தார்களோ அத்தனை பேர்தான். மூன்றாம் நாள் போலீஸ்காரர்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

பட்டை போன நவநீதனை மனு வாங்கும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். வேலை ரொம்பச் சுலபம். "வலிக்குதுங்களா?" என்று கேட்க வேண்டும். "ஆமாங்க" என்றால் எழுதிக்கொள்ள வேண்டும். சிலர் எழுதின பிறகும் நகராமல் நின்றார்கள். அவ்வளவுதானா, வேறு ஒன்றும் கேட்க மாட்டீர்களா என்பது போல. ஒரு கிழவர் அழுதுவிட்டார். சாயங்காலங்களில் நவநீதன் வைத்தியத்துக்குப் போனான். அங்கே ஷாகிராவும் மற்ற சாட்சிகளும் வரிசையாகச் சுவரைப் பார்த்து நின்று, விரல்களை நண்டு போல மேலே மேலே ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஆள் அனுப்பி வரவழைத்து ஸ்கேன் எடுத்தார்கள். வசந்தாமணிக்கு டிப்போவில், பயணிகள் மறந்து விட்டுப் போன சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பெரும்பாலும் குடைகள்.

பத்தாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் ஜன்னலில் வந்து நின்றாள். அரைக்கைக் காக்கிக் கோட்டு. நெற்றியில் பெரிய பொட்டு.

"வலி போயிருச்சுங்க தம்பி. எழுதிக் குடுங்க. திங்கக்கெழம வண்டி எடுக்கோணும்."

நவநீதன் படிவம் தேடினான். வலிக்கிறது என்பதற்கு ஏழு வகைப் படிவம் இருந்தது. வலி போய்விட்டது என்பதற்கு ஒன்றுமே இல்லை. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அதைச் சொல்ல யாரும் வந்ததில்லை போலிருக்கிறது. வெள்ளைத் தாளை எடுத்தான்.

"கையைத் தூக்குவீங்களாக்கா?"

"இதா பாருங்க!"

சர்ரென்று தூக்கினாள். இடது கை காதை உரசிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றது. கண்ணாடி வளையல்கள் முழங்கை வரைக்கும் சரிந்தன. வாய் நிறையச் சிரிப்பு. வரிசையில் நின்ற இரண்டு பேர் கை தட்டினார்கள். நவநீதனுக்கும் சந்தோஷமாக இருந்தது. பெயர், டிப்போ, தேதி எல்லாம் எழுதினான். 'மேற்படியாருக்குத் தோள் வலி முற்றிலும்' என்பது வரை வந்து நிமிர்ந்தான். கை அப்படியே மேலே நின்றது.

"எறக்கிக்கலாம்க்கா."

"இருக்கட்டுங்க. நீங்க எழுதுங்க."

"எழுதிட்டேன். எறக்குங்க."

"சித்த நேரம் இருக்கட்டுமுங்க. காத்தாட இருக்குது."

நவநீதன் அவள் முகத்தைப் பார்த்தான். ஆறு வருடத்தில் எத்தனையோ பேர் வலியை வாங்கியிருக்கிறான். வாங்கும்போது கண் திரையிலேயே இருக்கும், முகத்தைப் பார்க்க நேரம் கிடைத்ததில்லை. சிரிப்பு அப்படியேதான் இருந்தது. மேலுதட்டில் மட்டும் பொடிப் பொடியாக வேர்த்திருந்தது.

பேனாவைக் கீழே வைத்தான்.

"வாய்ச்சொல்லே போதும்னு நீங்கதானே போர்டு மாட்டி வெச்சிருக்கீங்க?" என்றாள் வசந்தாமணி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஆமா. அதான் கேக்கறேன். வலிக்குதுங்களா?"

அவள் மேலே நின்ற தன் கையை அண்ணாந்து பார்த்தாள். பின்னால் நின்றவர்கள்கூட அவசரப்படுத்தவில்லை.

"கொஞ்சூண்டு இருக்குதுங்க. அதுக்காக இன்னும் எத்தன நாளைக்குத்தான் குடைங்களோட மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கறது? வண்டி ஓட்டறவளுங்க நான்."

வாய்ச்சொல்லை நம்பினால் பொய்கள் வந்து குவியும் என்று கம்பித் தடுப்பெல்லாம் போட்டுக் காத்திருந்தார்கள். பத்து வாரத்தில் அந்த ஜன்னலுக்கு வந்த முதல் பொய், வலிக்கவில்லை என்பது.

நவநீதன் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தான். "மூணு வாரம்."

"ரெண்டு."

"மூணு. எனக்கும் மூணுன்னுதான் சொல்லியிருக்காங்க."

அவள் முறைத்தாள். பிறகு வலது கையை உயர்த்தி, இடது முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி, மெதுவாக, மெதுவாக இறக்கிக்கொண்டாள்.